ஈயக் குழாய்க்குள் ஓர் இலை விபூதி

சண்முகவேலுக்கு வேலை மண்ணுக்கு அடியில். மயிலாப்பூரில் போன் வைத்திருந்த வீடுகளில் பாதிக்கு மேல் அவர் கை பட்ட கம்பி வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தன. ஆனாலும் அந்த வீட்டுக்காரர்களில் பலர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. தெருவோரம் ஒரு குழி, குழிக்கு மேல் ஒரு கித்தான் கூடாரம், உள்ளேயிருந்து புஸ்ஸென்று விளக்கு சீறும் சத்தம். அதைச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் உள்ளே ஒரு மனிதர் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்து, தலைமுடி போன்ற கம்பிகளைப் பூக்கட்டுகிற மாதிரி முறுக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

கேபிளை ஒட்டுப்போடுகிற வேலை அது. ஜாயிண்டர் என்பார்கள்.

திருச்செந்தூர்ப் பக்கம் பிறந்தவர். பிழைக்க வந்த இடம் மயிலாப்பூர். கஸ்தூரிரங்கன் மாமா வீட்டுக்குப் பின்கட்டில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் வாடகைக்குக் கிடைத்தன. மனைவி பேச்சியம்மாளோடு அங்கேயே காலம் ஓடிவிட்டது. விடிந்ததும் குளித்துக் கபாலி கோவிலுக்குப் போய் சிங்காரவேலன் சன்னிதியில் நின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். சட்டைப் பையில் சின்னப் பித்தளைச் சம்புடத்தில் திருநீறு இருக்கும்.

அந்தத் திருநீற்றுக்கு ஒரு வேலை இருந்தது. ஒவ்வோர் ஒட்டையும் முடித்து, நாடா சுற்றி, ஈயக் குழாயை மேலே இழுத்து மூடுவதற்கு முன்னால், ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே தூவுவார். "முருகா, இதுல போற பேச்செல்லாம் நல்ல பேச்சா இருக்கட்டும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். அப்புறம்தான் ஈயம் காய்ச்சி வாயை அடைப்பது. மேலதிகாரிகள் யாரும் பார்க்கும்படி அதைச் செய்ததில்லை. பார்த்தால் திட்டுவார்கள் என்று தெரியும். கேபிளுக்குள் வெளிச்சாமான் எதுவும் போகக்கூடாது என்பதுதான் அந்தத் தொழிலில் முதல் பாடம்.

பேச்சியம்மாளுக்கு அவர் வேலையைப் பற்றி நிறையச் சந்தேகம் உண்டு. "முன்கட்டு மாமி இங்கன பேசுதாவ. அது எப்படிங்க மாம்பலத்துல கேக்குது?" என்பாள்.

அவரும் சலிக்காமல் சொல்வார். ஒரு வீட்டுப் போனுக்கு இரண்டே கம்பி. ஒன்று போக, ஒன்று வர என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அது அவ்வளவு சரியில்லை என்று அவருக்கும் தெரியும். அந்த ஜோடி ஜன்னல் வழியாக வெளியே போய்த் தெருக் கம்பத்தில் இருக்கிற பெட்டியில் ஏறும். அக்கம்பக்கத்து வீட்டு ஜோடிகளும் அங்கே வரும். எல்லாமாகச் சேர்ந்து விரல் பருமன் கேபிளாகி மண்ணுக்குள் இறங்கும். அப்படி நாலு தெருக் கேபிள்களும் முக்கில் நிற்கிற இரும்புப் பெட்டிக்கு வந்து சேரும். கேபினட் என்று அதற்குப் பெயர். அங்கிருந்து தேர்வடம் மாதிரிப் பெரிய கேபிள் ஒன்று சாலைக்கு அடியில் ஓடி எக்ஸ்சேஞ்சுக்குள் நுழையும். உள்ளே கூரை முட்ட ஓர் இரும்புச் சட்டம். ஃப்ரேம் என்பார்கள். தேர்வடத்தில் வந்த அத்தனை ஜோடியும் அதில் பிரிந்து தனித்தனி நம்பராக உட்காரும். அதற்கப்பால் மிஷின்கள். கல்மழை பெய்கிற மாதிரி சடசடவென்று தட்டிக்கொண்டே இருக்கும். எண்ணைச் சுற்றச் சுற்ற அவை ஏறி, திரும்பி, எதிராளியின் ஜோடியைத் தேடிப் பிடிக்கும். வெளியூரென்றால் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சுக்குப் போய், அங்கே இருக்கிற பெண்கள் கையால் இணைத்துக் கொடுக்க வேண்டும்.

"இவ்வளவு கையி மாறியா வருது!" என்று பேச்சியம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள்.

"வழியில ஈரம் மட்டும் படக்கூடாது பேச்சி. ஒவ்வொரு கம்பிக்கும் காகிதந்தான் சட்டை. அது அப்பளம் மாதிரி காஞ்சு இருக்கணும். ஈரம் பட்டுச்சுன்னா போச்சு."

அவர்களுக்கு ஒரே மகள், தங்கபுஷ்பம். தூத்துக்குடியில் உப்பளத்துக் கணக்கு பார்க்கிற வெள்ளைத்துரைக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதல் பிரசவத்துக்கு முறைப்படி தாய்வீட்டுக்கு வந்தாள். பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதற்கும் வந்தாள். அதுவும் தங்கவில்லை. மூன்றாவது முறை வயிற்றில் வந்தபோது சம்பந்தியம்மாளிடமிருந்து சேதி வந்தது. இந்தத் தடவை பிள்ளை இங்கேயே பிறக்கட்டும். தாயார் வர வேண்டாம். எல்லாம் நல்லபடியாக முடிந்து நாங்கள் சொன்ன பிறகு வந்தால் போதும்.

தாயின் கைராசி சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது. பேச்சியம்மாள் அன்றைக்கு அடுப்பில் வைத்த உலை கொதித்து வற்றுகிற வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

புரட்டாசியில் வெள்ளைத்துரை ஏதோ வேலையாகப் பட்டணத்துக்கு வந்தான். பெண் கொடுத்தனுப்பியதாக ஒரு பொட்டலம் தந்தான். செந்திலாண்டவர் சன்னிதியில் பன்னீர் இலையில் வைத்துத் தருகிற விபூதி. தங்கபுஷ்பம் நிறைமாதத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டு வாங்கியது. புறப்படும்போது மாப்பிள்ளை தயங்கிச் சொன்னான்.

"மாமா, தந்தி கொடுக்க மாட்டேன். அத்தைக்குத் தந்தின்னா ஈரக்குலை நடுங்கும். முன்ன ரெண்டு தடவையும் நீங்க கொடுத்த தந்தியிலதான் எங்களுக்குக் கெட்ட சேதி வந்துச்சு. எங்க வீட்டுலயும் அப்படித்தான். ட்ரங்க் கால் போட்டே சொல்லுதேன். பக்கத்து வீட்டு பி.பி. நம்பர் ஏதும் இருந்தா குடுங்க."

பின்கட்டுக்காரர்களுக்குப் போன் ஏது? முன்கட்டில் கஸ்தூரிரங்கன் மாமா, ஜெயலக்ஷ்மி மாமி வீட்டு நம்பரைத்தான் கொடுத்தார். கூப்பிட்டால் மாமி வந்து அழைப்பாள்.

அந்த வாரமே, அதே தெருவுக்குப் புதுக் கேபிள் போட உத்தரவாயிற்று. கேபினட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஓர் ஒட்டு. போட்டவர் சண்முகவேல். மாமி வீட்டு ஜோடியை மட்டும் இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தார். மகளுடைய சேதி இதற்குள்ளே நுழைந்துதான் வர வேண்டும். மூடுகிற நேரத்தில் சம்புடத்துச் சிட்டிகை போதுமென்று தோன்றவில்லை. மடியில் முடிந்து வைத்திருந்த பன்னீர் இலையை எடுத்தார். விபூதியோடு அப்படியே, கம்பிகளின் மேல் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி வைத்தார். நாடா சுற்றினார். குழாயை இழுத்து ஈயத்தால் அடைத்தார். மண்ணைத் தள்ளி மூடியபோது மனம் நிறைந்திருந்தது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. கந்த சஷ்டிக்குப் பேச்சியம்மாள் விரதம் இருந்தாள். சூரசம்ஹாரத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிட்டான். ஒரே கரகரப்பு. "வலி எடுத்திருக்கு. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. நாளைக்குப் பேசுதேன்" என்பது மட்டும் அரையும் குறையுமாகக் கேட்டது.

மறுநாள் காலையில் மாமி போனை எடுத்துப் பார்த்தாள். வண்டு அடைத்த மாதிரி ஓர் இரைச்சல். வேறெதுவும் இல்லை.

"சண்முகவேல்! எங்காத்து நம்பரை யார் சுத்தினாலும் எங்கேஜ்டுன்னு வர்றதாம்!" என்று கஸ்தூரிரங்கன் மாமா குடையோடு பின்கட்டுக்கே வந்துவிட்டார். "எதிராத்து மாமா கேக்கறார், பொழுதன்னிக்கும் உங்காத்துல யார் பேசிண்டே இருக்கான்னு. நானும் இவளும் பேசிண்டாத்தானே!"

"உங்களோட பேசறதுக்கு அந்த வண்டு இரைச்சலே தேவலை" என்றாள் பின்னாலேயே வந்த மாமி. உடனே குரல் தணிந்தது. "பேச்சியம்மா, நீ வந்து கூடத்துல உக்காரு. எப்ப சரியானாலும் முதல் மணி உனக்குத்தான் அடிக்கப்போறது."

சண்முகவேலுக்குத் தெரியும், அது ஈரம். கம்பிக்குக் கம்பி ஈரம் கோத்துக்கொண்டால், யாரோ ரிசீவரை எடுத்துப் பேசிக்கொண்டிருப்பதாக எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும். தூத்துக்குடியிலிருந்து எத்தனை தடவை போட்டாலும் எங்கேஜ்டு என்றுதான் சொல்வார்கள். அங்கே பெண்ணுக்கு என்ன ஆனாலும் இங்கே தெரியாது. பேச்சியம்மாளை வா என்றும் யாரும் சொல்ல முடியாது.

தெருவில் இன்னும் சில வீடுகளும் புகார் கொடுத்திருந்தன. வேலை அவர் பெயருக்கே வந்தது. எக்ஸ்சேஞ்ச் ஃப்ரேமில் அன்றைக்கு அப்துல் கய்யூம். இருவரும் பல வருஷமாகக் கம்பியின் இரு முனையில் நின்று பேசிப் பழகியவர்கள். கய்யூம் நம்பரின் இணைப்பைப் பிடுங்கி, சோதனை மேஜையின் மீட்டர் முள்ளைப் பார்த்தான்.

"உள்ள சுத்தமா கீது வேலு. வெளியதான் கோளாறு. போ, மழையில நனை."

முக்குக் கேபினட்டைத் திறந்தார். மாமி வீட்டு ஜோடியை அங்கே பிரித்துவிட்டு, நன்றாக இருக்கிற வேறொரு ஜோடியில், கம்பியைச் சோதிக்க ஜாயிண்டர்கள் கையோடு கொண்டுபோகிற கைப்போனைக் கொக்கி மாட்டினார். "இப்பப் பாரு."

"முள்ளு நிமுந்து நிக்கிது. எங்கிட்டேருந்து உங்கிட்ட வரிக்கும் ரோடு நல்லா கீது. உனுக்கு அப்பால பாரு."

 இனி மிச்சமிருப்பது இரண்டுதான். ஒன்று, கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகிற கம்பியும் வீட்டுப் போனும். அது இல்லையென்றால் மண்ணுக்குள் இருக்கிற அந்த ஒரே ஒட்டு. ஏணியைச் சாத்திக் கம்பத்தில் ஏறும்போது, மாமி வீட்டுப் போன் பழுதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். பிறத்தியார் பொருள் கெட்டிருக்க வேண்டும் என்று அவர் கும்பிட்டது அதற்கு முன்னால் கிடையாது. வீட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு இறங்கி, மறுபடியும் முக்குக்கு நடந்துவந்து, தெருப் பக்கத்துக் கம்பியைப் பொருத்தி, "இப்ப?" என்றார்.

"முள்ளு படுத்துக்கினு கீது. வூட்டுக் கம்பிய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"அப்ப நடுவுல உன் ஜாயிண்ட்டுதாம்பா." கய்யூமுக்கே நம்ப முடியவில்லை. "உன் ஜாயிண்ட்டு போவாதே வேலு. மம்மட்டி எவனாவது போட்டிருப்பான்."

மம்மட்டி படவில்லை. மஸ்தூர்கள் என்கிற கூலியாட்கள் இருவர் தோண்டித் தண்ணீரை இறைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார்கள். கூடாரத்தைக் கட்டிக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்தார். ஈயக் குழாயில் ஒரு கீறல் கூட இல்லை. அடைத்த இடத்தை உருக்கி, குழாயை மெதுவாக நகர்த்தினார். நாடாவைப் பிரித்தார்.

பன்னீர் இலை கறுத்துக் கூழாகிக் கிடந்தது. பச்சை இலையின் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே வேர்த்து, திருநீற்றைச் சாந்தாகக் குழைத்திருந்தது. அந்தச் சாந்து காகிதச் சட்டைகளுக்குள் இறங்கிக் கம்பியோடு கம்பியைப் பூசியிருந்தது. வெளியிலிருந்து ஒரு சொட்டு மழைத் தண்ணீர் உள்ளே வரவில்லை. வழியை அடைத்தது அவர் வைத்த இலைதான்.

 பேச்சியைப் பெற்ற தாய் என்றும் பார்க்காமல் ஒதுக்கி வைத்தவர்களை அவர் மனசுக்குள் கோபித்திருந்தார். இப்போது மிச்சமிருந்த ஒரே வாசலையும் தானே அடைத்துவிட்டார். அதுவும் சாமி பேரால்.

எக்ஸ்சேஞ்ச் பக்கத்துக் கம்பியில் கொக்கி மாட்டினார். "கய்யூம்."

"இன்னா கீது உள்ள?"

"விபூதி."

"இன்னாது?"

"நாந்தான் வச்சேன். செந்தூர் விபூதி. இலையோட."

 சிரிக்கப் போகிறான் என்று நினைத்தார். கய்யூம் சிரிக்கவில்லை.

"த பாரு வேலு. நானும் காலைல வந்ததும் ஃப்ரேமுக்கு முன்னால நின்னு, ரெண்டு வார்த்தை ஓதி, ஃபூன்னு ஊதிட்டுத்தான் வேலையத் தொடுவேன். ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா அது காத்து. போயிடும். நீ சாமிய உள்ள வச்சு மூடிட்டே. அவரு எப்பிடிபா மூச்சு வுடுவாரு? எறக்கி வெளிய குந்த வை. வெளிய குந்திக்கினே பாத்துப்பாரு."

சண்முகவேல் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். திருநீற்றைக் குழிச் சேற்றில் வழித்துப் போட மனம் வரவில்லை. தோள் துண்டில் ஒரு முனையைக் கிழித்து, இலையையும் சாந்தையும் அதில் வழித்தெடுத்து முடிந்து, கால் படாத உயரத்தில் கூடாரக் கழியில் தொங்கவிட்டார். பிறகு கையைத் துடைத்து வேலையில் இறங்கினார். நனைந்த காகிதங்களை உரித்து, புதுக் காகிதக் குழல்களை மாட்டினார். அடுப்பில் மெழுகைக் காய்ச்சிக் கரண்டியால் கம்பிகளின் மேல் ஊற்றினார். ஈரம் பட்ட இடமெல்லாம் கடுகு பொரிகிற மாதிரி படபடவென்று நுரைத்தது. மறுபடி ஊற்றினார். நுரை குறைந்தது. இன்னும் ஊற்றினார். கடைசியில் மெழுகு சத்தமே இல்லாமல் கம்பிகளின் மேல் படிந்து ஓடியது.

"முள்ளு ஏறுது... ஏறுது... நின்னுச்சு!" என்றான் கய்யூம். "கம்பத்துல மாட்டிட்டு வா. மாமி நம்பர நான் உள்ள சேக்கறேன்."

ஓடிப்போய்க் கம்பத்தில் மாட்டிவிட்டு வந்தார். மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது வழக்கம். மாமி வீட்டு ஜோடியில் கைப்போனைக் கொக்கி மாட்டினார். டர்ரென்று டயல் ஒலி, கண்ணாடி மாதிரிச் சுத்தமாக வந்தது. சரியென்று பேசுகிற பொத்தானை விட்டு, கொக்கியை எடுக்கக் கை வைத்தார். விரலில் சுரீரென்று கடித்தது.

மணி அடிக்கிற மின்சாரம் அது. கம்பியில் கை வைத்திருக்கிற ஜாயிண்டருக்கு மணி காதில் கேட்பதற்கு முன்னால் விரலில் வந்துவிடும். யாரோ கூப்பிடுகிறார்கள்.

மாமி எடுத்த சத்தம் கேட்டது. "ட்ரங்க் கால், தூத்துக்குடி, பேசுங்க" என்று ஒரு பெண் குரல். "இருங்கோ, இருங்கோ! பேச்சியம்மா, வா வா!" என்று மாமி. தூரத்தில், கிணற்றுக்கடியிலிருந்து வருகிற மாதிரி தேய்ந்த ஒரு குரல், "ஹலோ... ஹலோ..."

கைப்போன் அவர் காதில் இருந்தது. ஒரு மூச்சு நேரம் பொறுத்தால் போதும், தெரிந்துவிடும். ஆனால் ஒரே ஜோடியில் இரண்டு போன் இருந்தால் வருகிற குரலை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். தூத்துக்குடியிலிருந்து வருவதே மெலிந்து வருகிறது. பேச்சியம்மாள் தவிக்கத் தவிக்க "கேக்கலையே, கேக்கலையே" என்பாள்.

சண்முகவேல் கொக்கியைக் கழற்றினார். பக்கத்து ஜோடியில் மாட்டி, "கய்யூம், கால் வந்திருக்கு" என்றார்.

"தெரியும்பா. மிஷினு தட்டி வந்து நின்னுது. இன்னா சொன்னாங்க?"

"கேக்கல. எடுத்துட்டேன்."

"அட இன்னாபா நீ! உன் பொண்ணு சமாச்சாரம்!"

"அவ கேக்கட்டும். நான் பாதியத் தின்னுட்டா அவளுக்கு என்ன மிஞ்சும்?"

"நான் ஒண்ணு இங்கேருந்து காதை வெச்சு..."

"வேண்டாம்."

"சரி, வேணாம். குந்திக்கினு கீறேன்."

கித்தானில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மெழுகு ஆறி ஏடு படிந்தது. சண்முகவேல் சும்மா இருக்க முடியாமல் நாடாவை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். ட்ரங்க் கால் நேரம் இதற்குள் முடிந்திருக்கும். ஏன் இன்னும் வரவில்லை? நல்ல சேதியென்றால் ஓடி வந்திருப்பாளே.

சேற்றில் காலடிச் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கூடார வாயில் வந்து குந்தினாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. 

"பொம்பளப் பிள்ளை" என்றாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காவ."

அவர் நாடாவைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை சொல்லிட்டு, சம்பந்தியம்மாட்ட குடுத்தாரு. அவங்களே பேசுனாவ. 'மதினி, பிள்ளைக்கு மொத தண்ணி நீங்க வந்துதான் ஊத்தணும், நாளைக்கே ரயிலேறுங்க'ன்னாவ."  முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒரு வார்த்த விடாம கேட்டுச்சுங்க. பக்கத்துல நின்னு சொல்லுத மாதிரி."

கம்பியோரம் கிடந்த கைப்போனிலிருந்து ஒரு சின்னக் குரல் கத்தியது. "வேலு! இன்னா பொறந்துச்சு? சொல்லித் தொலைபா!"

சண்முகவேல் அதை எடுத்து அவள் காதில் வைத்தார். "நீயே சொல்லு. கய்யூம் பாய்."

"அண்ணாச்சி, பேத்தி பொறந்திருக்கா" என்றாள் பேச்சியம்மாள். கொஞ்சம் கேட்டாள். சட்டென்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து அவரைப் பார்த்தாள். "என்னமோ முணுமுணுத்துட்டு ஃபூங்காவ!"

"பிள்ளைக்கு ஓதி ஊதுறான்" என்றார் சண்முகவேல். "காத்துதான். ஈரம் நிக்காது."

கழியில் தொங்கிய முடிச்சை அவிழ்த்து அவளிடம் கொடுத்தார். கோவில் நந்தவனத்தில் ஏதாவது செடியடியில் வைக்கச் சொன்னார். ஏனென்று வீட்டுக்கு வந்து சொல்வதாகச் சொன்னார். பிறகு, "கையெல்லாம் மெழுகு. சம்புடத்தை எடுத்து நீயே பூசிவிடு" என்று நெற்றியை நீட்டினார். அவள் பூசிவிட்டாள். பேச்சியம்மாள் போன பிறகு கையை ஒருமுறைக்கு இருமுறை துடைத்தார். ஒட்டின் மேல் எதையும் தூவாமல், ஈயக் குழாயை இழுத்து மூடினார்.